திடல் யாருக்குச் சொந்தம்?

மலாய் மொழியில் 'தாமான்' என்றால் பூங்கா. நம் நாட்டில் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அதுவே பெயர். தோட்டத்தை விட்டு நாங்கள் குடியேறிய தாமானில் பூங்கா ஏதும் இல்லை. கடைசி வரிசை வீடுகளுக்கும் பெரிய கால்வாய்க்கும் இடையில் நீளவாக்கில் ஒரு புல்தரை. அதில் துருப்பிடித்த ஓர் ஊஞ்சல். பந்தை ஓங்கி உதைத்தால் கால்வாயில் போய் விழும். அதனால் பையன்கள் சாலையில் விளையாடினார்கள்.

தோட்டத்தில் திடல் இருந்தது. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சபாக் பெர்ணம், சுங்கை பெசார் பக்கமிருந்து வந்த நண்பர்களும் இதையே சொல்கிறார்கள். மாலையில் பந்து விளையாட்டு, திருவிழாவுக்கு வெள்ளைத் துணி கட்டிப் படம், பள்ளியின் போட்டி விளையாட்டு, கல்யாணப் பந்தல், எல்லாமே அங்கேதான். ஆனால் அந்தத் திடல் ஒருநாளும் நம்முடையதாக இருந்ததில்லை. நிலம் நிறுவனத்துக்குச் சொந்தம். புல் வெட்டியதும் நிறுவனச் செலவில்தான். தோட்டம் விற்கப்பட்டபோது திடலும் சேர்ந்தே விலைபோனது.

தோட்டம் துண்டாடப்படும் போதெல்லாம் நம் மக்கள் மூன்றைக் கேட்டுப் போராடியிருக்கிறார்கள்: வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி. மூன்றும் நியாயமானவையே. நான்காவதாகத் திடலையும் கேட்டவர்களை நான் கண்டதில்லை. கூலி உயர்வுக்கே காலமெல்லாம் போராடியவர்களிடம் இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பட்டம் படிக்கும் நாமும் கேட்காமல் இருக்கலாமா?

மேம்பாட்டு நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்று திட்டமிடல் வழிகாட்டி சொல்கிறது. கணக்குக்கு 10 விழுக்காடு வந்துவிடுகிறது. அது ஒரே இடத்தில் திடலாக வருகிறதா, கால்வாய் ஓரத்துண்டுகளாகச் சிதறி வருகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்தது பணம். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும்போது மேம்பாட்டு நிறுவனம் செலுத்தும் பிரிமியம் மாநில அரசின் கருவூலத்துக்குப் போகிறது. வீடுகள் எழும்பிய பிறகு புல் வெட்டுவதும் விளக்குப் போடுவதும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. அதன் கையில் இருப்பதோ பெரும்பாலும் மதிப்பீட்டு வரிதான். மலிவு வீடுகள் நிறைந்த வட்டாரத்தில் அந்த வரி எவ்வளவு தேறும்? பழைய எல்மினா தோட்டத்தில் எழுந்த புது நகரில் 300 ஏக்கர் பூங்காவை மேம்பாட்டு நிறுவனமே அமைத்துத் தருகிறது. வீட்டின் விலையும் அதற்கேற்பத்தான். சுங்கை பெசாரில் அந்த விலைக்கு வீடு வாங்க யார் வருவார்? ஆகவே, நிலமாற்றப் பிரிமியத்தில் ஒரு பங்கை அந்தந்த வட்டாரத்துத் திடல், பூங்காக்களின் பராமரிப்புக்கென்றே தனி நிதியாக ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. தோட்டம் போன பணத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஏதாவது மிஞ்சட்டுமே!

கோல சிலாங்கூரில்தான் இயற்கைப் பூங்கா இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 1987 முதல் மலேசிய இயற்கைக் கழகம் அதைப் பராமரித்து வருகிறது, நல்ல பணி. ஆனால் புக்கிட் ரோத்தான் சிறுவன் மாலை ஐந்து மணிக்குப் பந்தோடு அங்கே நடந்து போக முடியாது.

நம் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அரசாங்கம் புக்கிட் கியாரா தோட்டத்தை எடுத்துக்கொண்டபோது, தொழிலாளர்கள் நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டு நிரந்தர வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தார்கள். 2017-இல் அருகிலிருந்த ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் உயர்மாடி ஆடம்பரக் குடியிருப்புகளோடு சேர்த்து அவர்களுக்கும் வீடு கட்ட மேம்பாட்டு அனுமதி தரப்பட்டது. துன் டாக்டர் இஸ்மாயில் தாமான் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் என் மனம் முழுதாக மகிழவில்லை. பூங்கா வேண்டுமா, தோட்டத் தொழிலாளிக்கு வீடு வேண்டுமா என்ற கேள்வியே எழுந்திருக்கக் கூடாது. ஏழையின் வீட்டை முன்னால் நிறுத்தி, அதன் பின்னால் ஆடம்பர மாடிகளை எழுப்பப் பார்த்த திட்டம் அது.

நில விதித் தொகுப்பின் 62-ஆவது பிரிவின்படி மாநில அரசு ஒரு நிலத்தைப் பொது நோக்கத்திற்காக அரசிதழில் ஒதுக்கலாம். அப்படி ஒதுக்கிய பிறகு அறிவிப்பும் விசாரணையும் இல்லாமல் அதை ரத்து செய்ய முடியாது. வாய்மொழி வாக்குறுதிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. தோட்டம் கைமாறும்போதே, திடலை அரசிடம் ஒப்படைத்து இந்தப் பிரிவின்கீழ் பதியச் சொல்லிக் கேட்க வேண்டும். ஊராட்சி மன்றம் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது யாரும் போய் ஆட்சேபம் எழுதலாம். அதைப் படித்துப் புரிந்துகொள்ள நம்மால் முடியும். நம் பெற்றோரில் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வரும் விடுமுறையில் நான் மன்ற அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தைப் பார்க்கக் கேட்கப் போகிறேன். எங்கள் பழைய திடல் இருந்த இடத்தில் இன்னும் செம்பனைதான் நிற்கிறது. அதற்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.