வாயைத் திறந்து பார்த்தோமா?

மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை, மனநோய்க்கு மருந்தெடுக்கும் முதியவர்கள் பலர் பிள்ளைகளின் பராமரிப்பிலேயே வாழ்கின்றனர். மாதந்தோறும் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்வதும் வேளைக்கு மாத்திரை கொடுப்பதும் இக்குடும்பங்கள் ஓசையின்றிச் செய்யும் பெருந்தொண்டு. ஆனால் அம்முதியவரின் வாய்க்குள் கடைசியாக யார் பார்த்தது?

மூத்தம்மா திடீரெனச் சோற்றைத் தள்ளிவிடுகிறார். இரவில் உறங்காமல் ஏசுகிறார். "வருத்தம் திரும்பிவிட்டது" என்று வீட்டார் முடிவுகட்டுகின்றனர். அது சீழ்பிடித்த கடைவாய்ப்பல்லாகவும் இருக்கலாம். நோவை எடுத்துச் சொல்ல முடியாதவரின் முறைப்பாடு பல வேளைகளில் கோபமாகவே வெளிவரும். அப்போது மாத்திரையைக் கூட்டினால் நோவு தீராது. அதைச் சொல்லும் சக்திதான் குறையும்.

மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு. அமிட்ரிப்டிலின், பென்ஸ்ஹெக்சோல் போன்றவை உமிழ்நீரைக் குறைக்கின்றன. வறண்ட வாயில் பல் விரைவாகச் சொத்தையாகும். வறட்சி தணிக்கச் சீனி போட்ட பிளேன்டீ. கூடவே வெற்றிலை, பாக்கு, புகையிலை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கடும் மனநோயுள்ளோர் பற்கள் அனைத்தையும் இழக்கும் வாய்ப்பு ஏனையோரைவிட 3.4 மடங்கு என 2011இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பொன்று காட்டியது. இதற்காக மருந்தை நாமாக நிறுத்திவிடலாகாது. வாய் வறட்சியை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உண்டு. அரச வைத்தியசாலைகளில் பல் சிகிச்சை இலவசம். எனவே நாம் கேட்பது புதிய கட்டடமல்ல. மனநலக் கிளினிக் நாளிலேயே பல் வைத்தியரும் இம்முதியவர்களைப் பார்க்கட்டும். இரு நாட்கள், இரு வரிசைகளில் காத்திருக்க, பதற்றமுள்ள முதியவராலும் முடியாது, நாட்கூலியை இழக்கும் மகனாலும் முடியாது.

வீட்டிலும் கடமையுண்டு. வுழூச் செய்கையில் வாய் கொப்பளிப்பதும் மிஸ்வாக்கும் இவ்வூர்களின் நல்வழக்கங்கள். நோயினால் தொழுகை நின்றவருக்கு அவையும் நின்றுபோகின்றன. அவற்றைப் பிள்ளைகள் கையிலெடுக்க வேண்டும்: இருவேளை புளோரைட் பற்பசையால் துலக்கிவிடுவது, இரவில் பொய்ப்பல்லைக் கழற்றிக் கழுவுவது, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணை வைத்தியரிடம் காட்டுவது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் மாதர் சங்கங்களும் இதனை எடுத்துச் சொன்னால் வீடுகள் கேட்கும்.

"பைத்தியம்" என்று ஊர் ஒதுக்கியவருக்கும் பல் நோகும். அடுத்த கிளினிக் நாளுக்கு முன், ஒரு டோர்ச் வெளிச்சத்தில் அவர் வாயைப் பார்ப்போம்.