எல்லா அத்தியாயமும் வேண்டாம்: பதின்வயதினரின் வீட்டுவழி வரலாற்றுப் பாடம் குறித்து எங்கள் நிலைப்பாடு

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தமிழ்க் குடும்பங்களின் கூட்டமைப்பு என்ற முறையில், பதின்வயதினரின் வரலாற்றுப் பாடம் பற்றி எங்கள் கருத்தை இங்கே பதிவு செய்கிறோம். கையில் எடுத்த பாடத்திட்டம் பிள்ளையால் தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் அதைக் குறைத்தே ஆக வேண்டும். வேகத்தைக் கூட்டுவதும், ஞாயிற்றுக்கிழமையையும் கோடை விடுமுறையையும் அதற்கே கொடுப்பதும் தீர்வல்ல. சலித்துப்போய் வரலாற்றையே கைகழுவுவதும் தீர்வல்ல. காலவரிசையைச் சுருக்கமாக, ஆனால் அறுபடாமல் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு நான்கைந்து இடங்களில் மட்டும் ஆழமாக இறங்க வேண்டும். மற்ற அத்தியாயங்களைக் குற்ற உணர்வின்றி விட்டுவிடலாம். இப்படிச் செய்வதால் பிள்ளையின் வரலாற்று அறிவு குறைவதில்லை, வளர்கிறது என்பதே எங்கள் வாதம்.

இந்தச் சுமை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நம் குடும்பங்களில் பலரும் அமெரிக்காவில் உருவான பாடத்தொகுப்புகளையே வாங்குகிறார்கள். அவற்றில் பெரும் செல்வாக்குப் பெற்றது சூசன் வைஸ் பாவரும் அவருடைய தாய் ஜெஸ்ஸி வைஸும் 1999இல் ‘தி வெல்-டிரெயிண்ட் மைண்ட்’ நூலில் வகுத்துக் கொடுத்த முறை. பழங்காலம் முதல் இன்றுவரை உலக வரலாற்றை நான்கு ஆண்டுகளில் முடித்து, பள்ளிப் பருவத்துக்குள் அதே சுற்றை மூன்று முறை சுற்றி வரச் சொல்லும் முறை அது. யோசித்துச் செய்த திட்டம்தான். அதில் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் உயர்நிலைப் பருவத்தில் பலர் பயன்படுத்தும் பாவரின் பழங்கால உலக வரலாறு 800 பக்கங்களைத் தாண்டுகிறது, 85 அத்தியாயங்கள் கொண்டது. 36 வாரக் கல்வியாண்டில் அதை முடிக்க வாரத்துக்கு இரண்டு அத்தியாயங்களுக்கு மேல் படித்தாக வேண்டும். இதோடு வரைபடம், குறிப்பெடுத்தல், பயிற்சித்தாள், துணை நூல்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பாடத்தை ஓராண்டுப் பாடமாகக் கணக்கில் எடுக்க நெடுங்காலமாகப் பழகிவரும் அளவே சுமார் 120 மணி நேரம்தான், அதாவது வாரத்துக்கு மூன்றே கால் மணி சொச்சம். தொகுப்பில் உள்ள எல்லாவற்றையும் செய்யப் புகுந்தால் அந்த நேரம் படிப்பதற்கே போதாது. அதற்குமேல் நம் வீடுகளில் இந்திய வரலாறு தனி, தமிழக வரலாறு தனி, எழுதப்போகும் தேர்வின் பாடநூல் தனி. நான்கு பாடத்திட்டங்களை ஒரே பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு, அது ஏன் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பதில் நியாயம் இல்லை.

அப்படிப்பட்ட பிள்ளை பெரும்பாலும் படிக்காமல் இருப்பதில்லை. அதனால்தான் சிக்கல் கண்ணில் படுவதில்லை. படிக்கிறது, அடிக்கோடு போடுகிறது, பயிற்சித்தாளை நிரப்பித் தருகிறது. மூன்று வாரம் கழித்து அதே பாடத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு பெயரும் ஓர் ஆண்டும் மிஞ்சுகின்றன. அட்டவணைப்படி எல்லாம் நடந்திருக்கும், கற்றல் மட்டும் நடந்திருக்காது. நினைவு பற்றிய ஆய்வுகள் இதை நன்றாக விளக்குகின்றன. ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு சிறு உரைநடைப் பகுதியை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதல் பிரிவினருக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, இரண்டாம் பிரிவினருக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: முதல் பிரிவு 40, இரண்டாம் பிரிவு 61. படித்ததைத் திரும்பச் சொல்லவும் எழுதவும் நேரம் வேண்டும். வாரம் இரண்டரை அத்தியாயம் என்று ஓடும் பாடத்திட்டத்தில் முதலில் பலியாவது அந்த நேரம்தான். எனவே அத்தியாயங்களைக் குறைப்பதைப் பிள்ளைக்குக் காட்டும் சலுகையாக யாரும் நினைக்க வேண்டாம். படித்தது நிலைக்க வேறு வழி இல்லை.

நினைவில் நிற்பது ஒரு பங்குதான். வரலாறு படிப்பதால் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன வர வேண்டும் என்பதே பெரிய கேள்வி. சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிக முக்கியமானது. 1775இல் அமெரிக்கப் புரட்சியைத் தொடங்கிவைத்த லெக்சிங்டன் மோதலைப் பற்றிய ஆவணங்களை எட்டு வரலாற்றாய்வாளர்களிடமும், நன்றாகப் படிக்கும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, வாய்விட்டுச் சிந்தித்தபடி படிக்கச் சொன்னார். ஆய்வாளர்களில் சிலர் அமெரிக்க வரலாற்றில் தேர்ந்தவர்கள் அல்லர். புரட்சி பற்றிய தகவல் கேள்விகளில் அவர்களைவிட நன்றாகப் பதில் சொன்ன மாணவர்களும் இருந்தார்கள். ஆயினும் ஆய்வாளர்கள் ஒவ்வொரு ஆவணத்தையும் படிக்கும் முன் இதை எழுதியவர் யார், எப்போது, யாருக்காக எழுதினார் என்று பார்த்தார்கள். ஒன்றை மற்றொன்றோடு உரசிப் பார்த்தார்கள். மாணவர்கள் வரிசையாகப் படித்துக்கொண்டே போனார்கள். எது நம்பத்தக்கது என்று கேட்டபோது மாணவர்கள் பாடநூல் பகுதியை முதலிடத்தில் வைத்தார்கள். ஆய்வாளர்கள் அதைத்தான் கடைசியில் வைத்தார்கள். தகவல்களை நிறையச் சேர்ப்பதால் மட்டும் வரலாற்றுப் பார்வை வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அப்படியானால் மூல ஆவணங்களில் நேரம் செலவிட்டால் தகவல் அறிவு குறையுமா? சான் பிரான்சிஸ்கோவின் ஐந்து பொதுப் பள்ளிகளில் ஆவிஷாக் ரைஸ்மன் ஆறு மாதம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு அதற்கும் பதில் தருகிறது. ஆவணங்களை வைத்துப் படித்த வகுப்புகள் வரலாற்றுச் சிந்தனையில் மட்டுமல்ல, தகவல் அறிவிலும் பொதுவான வாசிப்புத் திறனிலும் வழக்கமான வகுப்புகளைவிட முன்னேறியிருந்தன.

ஆழமாக இறங்குவது என்று நாங்கள் சொல்வதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறோம். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்களை ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர், அதை முடித்த உடன்படிக்கை என்று அத்தியாயம் அத்தியாயமாகப் படித்தால் பிள்ளைக்கு எதுவும் ஒட்டாது. அதற்குப் பதில் புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பில் 1746ஆம் ஆண்டின் சில பதிவுகளை எடுத்துக்கொள்ளலாம். 1736 முதல் 1761 வரை தமிழில், பெரிதும் பேச்சுநடையில் எழுதப்பட்ட மூல ஆவணம் அது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படையோடு வந்த லபூர்தொனே சென்னைப்பட்டணத்தைப் பிடிக்கிறார். பணம் வாங்கிக்கொண்டு நகரத்தை ஆங்கிலேயரிடமே திருப்பித் தர ஒப்புக்கொள்கிறார். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே அதை ஏற்க மறுக்கிறார். இரு பிரெஞ்சுக்காரருக்கும் இடையே பகை முற்றுகிறது. நகரம் தமக்கு வரவேண்டும் என்று ஆற்காட்டு நவாப் படை அனுப்ப, அடையாற்றங்கரையில் ஒரு சிறு பிரெஞ்சுப் படை அதைத் தோற்கடிக்கிறது. இத்தனையையும் துய்ப்ளேக்கு நெருக்கமான வணிகரான ஆனந்தரங்கம் பிள்ளை புதுச்சேரியில் இருந்தபடி கேட்டும் பார்த்தும் எழுதுகிறார். இவர் துய்ப்ளேயை இவ்வளவு உயர்த்திப் பேசுவதில் இவருக்கு என்ன ஆதாயம்? நேரில் கண்டது எது, காதில் விழுந்தது எது? இதே நாட்களைப் பற்றி ஆங்கிலேயர் என்ன எழுதி வைத்தார்கள்? இந்தக் கேள்விகளோடு மூன்று வாரம் செலவிட்ட பிள்ளை, போர் முடிந்தபின் சென்னை ஏன் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது என்று தேடும்போது, வட அமெரிக்காவின் லூயிபூர் கோட்டையைப் பிரான்ஸுக்கு விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகச் சென்னை கைமாறியதை அறியும். ஐரோப்பா, கனடா, கர்நாடகப் போர்கள், தன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டை எல்லாம் ஒரே கதையில் வந்து சேர்கின்றன. அந்த ஒரு வாயில் வழியாக நுழைந்தபின் ஏழெட்டு அத்தியாயங்களை வெறும் காலக்கோட்டுக் குறிப்பாக விட்டுவிட்டாலும் நட்டமில்லை.

குறைக்கும் வேலையைக் கல்வியாண்டின் நடுவிலும் தொடங்கலாம். மீதமுள்ள அத்தியாயங்களின் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். ஆழமாகப் படிக்கப்போவதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஒன்றிரண்டைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். மற்றவற்றுக்கு அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்து, சுவரில் ஒட்டிய காலக்கோட்டில் இரண்டு வரி எழுதினால் போதும். வாரத்துக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் வரலாற்றுக்கு ஒதுக்க வேண்டாம் என்பது எங்கள் பரிந்துரை. அதில் ஒரு மணி நேரமாவது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேசவோ எழுதவோ இருக்கட்டும். பயிற்சித்தாள்களில் பெரும்பகுதியைத் தயங்காமல் தூக்கிப் போடலாம்.

‘தேர்வு இருக்கிறதே’ என்ற கவலை நியாயமானது. ஆனால் தேர்வு நடத்தும் அமைப்புகளே நம்மைவிட நிதானமாக இருக்கின்றன. நம் பிள்ளைகளில் பலர் எழுதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது நிரம்பியிருந்தால் போதும், ஐந்து பாடங்கள், பதிவு செய்தபின் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள். ஒரே மூச்சில் எல்லாப் பாடங்களையும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த நிறுவனமே ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கத்தையும் பிரித்து, சுமார் 40 சதவீதத்தை வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கும், மீதியைப் பொதுத் தேர்வுக்கும் வைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. வரலாற்றுத் தேர்வோ உலக வரலாறு முழுவதையும் கேட்பதே இல்லை. ஒரு நூற்றாண்டின் சில மையக் கேள்விகள், ஜெர்மனி அல்லது ரஷ்யா போல ஒரு நாட்டின் சில பத்தாண்டுகள் பற்றிய ஆழ்படிப்பு, ஆவணங்களைப் படித்து எடைபோடும் தனித் தாள் என்று அது அமைந்திருக்கிறது. தேர்வுக்கான பாடநூலையே காலக்கோடாக வைத்துக்கொண்டு, வெளிநாட்டுத் தொகுப்பைத் துணை நூலாக இறக்கிவிடுவதே இதற்கு வழி. பின்னாளில் டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. எழுதப்போகும் பிள்ளைக்கு இடைவெளி விழுந்துவிடாதா என்றும் கேட்கிறார்கள். அந்தத் தேர்வுகளுக்கான ஆயத்தம் இருபது வயதுக்கு மேல் தனியாக நடப்பது. பதினைந்து வயதில் வரலாற்றின்மேல் ஏற்பட்ட வெறுப்புதான் அப்போது பெரிய தடையாக நிற்கும். இடைவெளி இல்லாத வரலாற்றுப் பாடம் எங்கும் கிடையாது. 85 அத்தியாயம் கொண்ட நூலும் எதையோ விட்டுவிட்டுத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எதை விடுவது என்று யார் தீர்மானிப்பது என்பதே எங்களை அதிகம் யோசிக்க வைத்த எதிர்வாதம். 2022இல் என்.சி.இ.ஆர்.டி. சுமைக் குறைப்பைக் காரணம் காட்டி, பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவைகள் பற்றிய பாடத்தை நீக்கியபோது நாடெங்கும் எழுந்த எதிர்ப்பு நியாயமானது. சுமையைக் குறைப்பதாகச் சொல்லிக்கொண்டு பிடிக்காததை வெட்டுவது அரசாங்கத்துக்கு மட்டுமே உரிய பழக்கம் அல்ல. பிள்ளையின் நலம் என்று நினைத்துக்கொண்டே சாதி, பிரிவினைக்காலக் கொலைகள், சொந்தச் சமூகம் பிறருக்கு இழைத்த கொடுமை ஆகியவற்றை முதலில் தாண்டிப் போகப் பெற்றோராகிய நமக்கும் கை பரபரக்கும். ஆகவே எங்கள் அமைப்பு இதில் உறுதியாக ஒன்றைக் கேட்கிறது: நேரமின்மைக்காகக் குறையுங்கள், சங்கடத்துக்காகக் குறைக்காதீர்கள். விட்ட அத்தியாயம் எதுவும் காலக்கோட்டிலிருந்து மறையக் கூடாது. அதன் பெயரும் ஆண்டும், ஏன் இப்போது படிக்கவில்லை என்ற ஒரு வரியும் அங்கே இருக்க வேண்டும். பிள்ளை அதைப் பார்த்துக் கேள்வி கேட்க உரிமை உடையது. ஆழப்படிப்புக்கு எடுப்பவற்றில் ஒன்றாவது குடும்பத்தின் பெருமிதத்துக்கு எளிதில் ஒத்துவராததாக இருக்கட்டும். உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டை மக்களாட்சியின் சான்று என்று மட்டும் படித்து நகர்ந்தால் அது பாதிப் படிப்பு. 921ஆம் ஆண்டின் அந்தக் கல்வெட்டு, ஊர்ச்சபைக்கு வருவோரிடம் வரி கட்டும் சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும், வேத அறிவும் கேட்கிறது. அந்தச் சபைக்குள் வர முடியாமல் வெளியே நின்றவர்கள் யார் யார் என்று பிள்ளை அந்தக் கல்வெட்டை வைத்தே சொல்ல வேண்டும். கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கிவைத்த அதே கல்வெட்டின் கண்டிப்பையும் அது மெச்ச வேண்டும்.

இது சோம்பலுக்கு இடம் கொடுப்பதாகும் என்று சில தாத்தா பாட்டிகளும், சில பெற்றோரும் வருந்துகிறார்கள். இரண்டு ஆவணங்களை ஒப்பிட்டு, எதை ஏன் நம்புகிறோம் என்று இரண்டு பக்கம் எழுதுவது, நாற்பது பக்கம் படித்துக் கோடிட்ட இடங்களை நிரப்புவதைவிடக் கடினமான வேலை. முதல் சில வாரம் பிள்ளைகள் திணறுவார்கள். பழைய பயிற்சித்தாளையே கொடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தத் திணறலைப் பொறுத்துக்கொள்வது பெற்றோரின் பங்கு.

இந்த நிலைப்பாட்டை நடைமுறைப்படுத்துவதில் ஒரு தடையை நாங்கள் நேராக எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் பதின்வயதினருக்கென்று தொகுத்த ஆவணப் பாடங்கள் ஏராளம். தமிழில் அவை அரிது. மூல நூல்களில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்க முடிகிறது, ஆனால் துணையில்லாமல் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையால் அவற்றுக்குள் நுழைய முடியாது. எனவே எங்கள் உறுப்பினர் கூட்டங்களில் இனி ‘எத்தனை அத்தியாயம் முடித்தீர்கள்’ என்று ஒருவரை ஒருவர் கேட்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் ஆவணத் தொகுப்புகளைத் தயாரிக்க முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் நாலைந்து பக்க மூல ஆவணம், அருஞ்சொற்பொருள், எதிர்த்தரப்பின் ஓர் ஆவணம், சில கேள்விகள் இருக்கும். ஆனந்தரங்கம் பிள்ளையின் 1746ஆம் ஆண்டுப் பதிவுகளையும், புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பற்றி 1748இல் அவர் எழுதியதையும், உத்திரமேரூர்க் கல்வெட்டையும் முதலில் எடுத்துக்கொள்கிறோம். கல்வெட்டும் ஓலையும் படிக்கத் தெரிந்த ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் இந்த வேலையில் எங்களோடு சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.