நிறம் நீங்கின் நீர் தூயதாமோ?

செட்டிநாட்டு மாளிகைகளின் சுவரொளியை வியவாதார் இலர். அவ்வொளி சுண்ணாம்பினால் வந்தது. காளவாயிற் சுட்ட சுண்ணாம்பு, தீயில் இழந்ததை மீளப் பெறும் வேட்கையுடையது. நீற்றுங்கால் நீரைக் கொதித்து உட்கொள்ளும். சுவரிற் பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகும். இவ்வியல்பை ஒத்ததொன்றைக் கொண்டே இரசாயன நூலார் சாயநீரைத் தெளிவிக்கக் கற்றுள்ளனர்.

ஹைட்ரோடால்சைட்டு என்றொரு கனிப்பொருள் உண்டு. மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்து, ஏட்டுச்சுவடிபோல் அடுக்கடுக்காய் அமைந்தது. 1842-இல் அறியப்பட்டது. இயற்கையில் அருகியே கிடைப்பினும் ஆய்வுக்கூடத்தில் எளிதிற் செய்யலாம். சுமார் 450 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திற் சுட்டால், இடையிலிருந்த நீரும் கார்பனேட்டும் நீங்கி அடுக்குக் குலையும். அத்தூளைச் சாயநீரில் இட்டால், பழைய வடிவை நினைந்தாற்போல் அடுக்குகள் மீண்டும் அமையும்; அமையுங்கால் எதிர்மின்னேற்றமுடைய சாயத்தைத் தம்முள் ஈர்த்துக்கொள்ளும். பருத்திக்கு ஊட்டும் சாயங்களிற் பல இவ்வகையினவே.

இது கேட்டு, ‘இனிச் சாயக்கழிவால் அச்சமில்லை’ என மகிழ்வார் உளர். யாம் அவ்வாறு கருதோம். சாயத்தொட்டியில் இடும் சோடாவின் கார்பனேட்டு, சாயத்தை முந்தி அடுக்கினுள் இடம்பிடிக்கும். சாயம் நூலிற் பற்றுதற்கு இட்ட உப்போ பெரும்பாலும் நீரிலேயே நிற்கும். சாயமுண்ட தூளையும் எங்கேனும் சேர்க்கவேண்டும். மீளச் சுட்டுப் பயன்படுத்தலாமெனினும், சுடுந்தோறும் அதன் ஆற்றல் குறையும்.

உப்பின் கொடுமைக்கு நொய்யலாறே சான்று. அதன் குறுக்கே 1992-இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்திற்கு உதவாது திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. உழவர் நிலத்தைப் பாழாக்கியதில் கண்ணுக்குத் தெரிந்த நிறத்தினும் தெரியாத உப்பின் பங்கு பெரிது.

ஆதலின் இம்முறையைத் தள்ளுக என்கின்றோமல்லேம். தக்க இடத்திற் சோதிக்க என்கின்றோம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்தமையால், 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் உள்ளது. அப்பகுதியின் கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அறிவும் நெசவும் அண்டை வீட்டாராய் வாழும் ஊர் அது. தூய நீரிற் சிட்டிகைச் சாயம் கரைத்துக் காணும் வெற்றி போதாது. சோடாவும் உப்பும் கலந்த பட்டறைத் தொட்டி நீரே உரைகல் ஆதல் வேண்டும். நீரைத் தெளிவிக்கும் செலவையும் ஏழைச் சாயத்தொழிலாளர் தலையிலேற்றாது, வண்ண ஆடை விழைந்து உடுக்கும் நாமும் விலையிற் பகிர்தல் அறமாகும்.

கைகளைக் கழுவியதனால் பிலாத்து பழிநீங்கினான் அல்லன். நிறம் நீங்கிய நீரைக் காட்டி நாமும் பழியிலேம் என்றல் பொருந்துமோ?