கல்லைப் பிளக்கிறது வேற, அறுக்கிறது வேற

சென்னை, கோவையில வீடு கட்டுற நம்ம சொந்தபந்தம் பலர் இப்போ முன்சுவர்ல சிலேட்டுக் கல் ஒட்டுறாங்க. இயற்கையான கல்லுன்னு ஒரு பெருமை. அழகுதான், மறுக்கலை. ஆனா அந்தக் கல்லைப் பத்தி ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும்ங்கிறது என் கட்சி.

முதல் விஷயம், அது ஏன் ஏடு ஏடாப் பிரியுது? கடப்பா கல் மாதிரின்னு நினைக்காதீங்க. கடப்பா கல் சுண்ணாம்புக்கல். தண்ணிக்கடியில படிஞ்ச அடுக்கு வாக்கிலதான் பெயரும். சிலேட்டும் ஆதியில சேறுதான், நம்ம ஏரி வண்டல் மாதிரி. பூமிக்குள்ள புதைஞ்சு, சூட்டிலயும் நெருக்கலிலயும் மாட்டினப்போ அந்தக் களிமண் அப்பிரகமா மாறிடுது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தகடுகள், நெருக்கினதுக்குக் குறுக்கா எல்லாம் ஒரே திசையில படுத்துக்கும். உதறிப் போட்ட வைக்கோலை ஏறி மிதிச்சா எல்லாத் தாளும் படுத்துடும் இல்லையா, அதே கதை. அதனால சேறு படிஞ்ச வாக்கு ஒண்ணு, சிலேட்டு பிளக்கிற வாக்கு வேறொண்ணா இருக்கும். 1850களில் இங்கிலாந்தின் ஹென்றி கிளிஃப்டன் சார்பி, கல்லை வெளிச்சம் ஊடுருவுற அளவுக்கு மெலிசாத் தேய்ச்சு நுண்ணோக்கியில் பார்த்து இதை விளக்கினார். வேல்ஸ் நாட்டுக் குவாரி ஆட்களுக்கோ அதுக்கு முன்னாடியே கைப்பழக்கம் உண்டு. கல் ஈரம் காயுறதுக்குள்ள நடுவில ரெண்டாப் பிளப்பாங்க, ஒவ்வொரு பாதியையும் மறுபடி ரெண்டாப் பிளப்பாங்க. அகல உளியும் மரச் சுத்தியும் போதும்.

ரெண்டாவது விஷயம்தான் எனக்குப் பெருசு. அப்பிரகத் தகடுகளுக்கு நடுவில பொடிப்பொடியா குவார்ட்ஸும் இருக்கு. உளி வச்சுப் பிளந்தா விரிசல் தகடுகளுக்கு இடையில ஓடிடும், தூசி கம்மி. தண்ணி இல்லாம மெஷின்ல அறுத்தா எல்லாம் சேர்ந்து மாவாகிடும். அந்த மாவு நுரையீரல்ல தங்கினா சிலிக்கோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. நாம சின்ன வயசுல எழுதின பலப்பம் இருக்கே, அதை அறுத்த மத்தியப் பிரதேசம் மந்த்சௌர் பட்டறை ஆட்கள் பலர் இந்த நோயில இளவயசிலேயே போய்ச் சேர்ந்தாங்க. வேல்ஸிலயும் கொட்டகைக்குள்ள தூசி தின்ன தொழிலாளிகள் போராடித்தான் 1979ல நஷ்டஈட்டுச் சட்டம் வந்துச்சு.

இதெல்லாம் எங்கயோ நடக்குறதுன்னு நினைக்க வேண்டாம். உங்க வாசல்லயே கட்டர் வச்சு ஒருத்தர் கல்லோட ஓரத்தை வெட்டுவார், முகத்தில ஒரு துண்டு மட்டும் கட்டிக்கிட்டு. நுண்தூசியைத் துண்டு தடுக்காது. வெட்டுற இடத்தில தண்ணி விட்டா தூசி பெரும்பாலும் அமுங்கிடும். அதோட நல்ல மாஸ்க்கும் வாங்கிக் கொடுங்க. கல்லுக்குக் கொடுக்கிற காசில இது ஒரு செலவே இல்லை.

எங்ககிட்ட காய் வாங்குறப்போ "மருந்து அடிச்சதா?"ன்னு கேக்குறீங்க. கேக்கணும், நல்லதுதான். கல் வாங்குறப்போ "தண்ணி விட்டு அறுத்ததா?"ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.