எழுதாத கதைக்கு உடையவர் இல்லை

நம் இல்லங்களில் இக்காலத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. பட்டம் பெற்று ஊர் திரும்பிய மகன், “வாப்பா, என்னிடம் ஒரு கதை இருக்கிறது. சென்னைக்குச் சென்று திரைப்படத்திற்கு எழுதப் போகிறேன்” என்கிறான். சில இல்லங்களில் மகளும் அவ்வாறே கூறுகிறாள். “கதை எழுதுவதும் ஒரு தொழிலா?” என்று வாப்பா வினவுகிறார். பிள்ளை சென்னை சேர்ந்து, வடபழனியிலும் சாலிகிராமத்திலும் படி ஏறி இறங்கும்போது, “எழுதியது இருக்கட்டும், கதையைச் சொல்லுங்கள், கேட்போம்” என்கிறார்கள். வாப்பா சொன்னதை ஏளனம் என்றும், அங்கே சொன்னதை வரவேற்பு என்றும் பிள்ளை எண்ணிக்கொள்கிறான். நாம் அவ்வாறு எண்ணவில்லை. இரண்டு பேச்சும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. எழுத்து உழைப்பு அன்று. ஆதலின் அதற்குக் கூலியும் இல்லை, உரிமையும் இல்லை என்பதே அவ்வெண்ணம். அது பெரும் பிழை என்பது நம் வாதம்.

திரைப்படம் ஆகுமா, ஆகாதா என்னும் விவாதத்துள் நாம் இங்கே புகவில்லை. அதனை உலமாப் பெருமக்கள் பேசியிருக்கிறார்கள், இன்னும் பேசுவார்கள். நம் பிள்ளைகள் அத்துறையை நாடிச் செல்வது கண்கூடு. செல்கிறவனின் உழைப்பை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாமா என்பதே இங்கு வினா.

கருத்துக்கு வேலி இல்லை

“கதைக்கா பஞ்சம்? தெருவில் கிடக்கிறது” என்று திரையுலகத்தார் சொல்வதுண்டு. அவர்கள் அறியாமலே ஓர் அறிஞரின் கருத்தில் பாதியைச் சொல்கிறார்கள். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த ஜாஹிழ், தம் ‘கிதாபுல் ஹயவான்’ நூலில், கருத்துகள் எல்லார்க்கும் பொதுவாக வழியில் கிடப்பவை என்று கூறினார். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. சொல்லைத் தேர்ந்து, அமைப்பைச் சீர்செய்து, வார்த்து எடுப்பதிலேயே படைப்பாளியின் திறம் இருக்கிறது என்றும் கூறினார். திரையுலகத்தார் முற்பாதியை வைத்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 1978-ஆம் ஆண்டில் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது. ஆர். ஜி. ஆனந்த் என்னும் நாடகாசிரியர் 1953-இல் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்றொரு நாடகம் எழுதினார். பஞ்சாபிக் குடும்பத்தையும் மதராசிக் குடும்பத்தையும் வைத்து மாகாண வெறியைச் சாடும் நாடகம் அது. பம்பாய்த் திரைப்பட இயக்குநர் மோகன் சேகல் 1955-இல் அந்நாடகத்தை ஆசிரியரிடமே கேட்டறிந்தார். 1956-இல் அவர் இயக்கத்தில் ‘நியூ டெல்லி’ படம் வந்தது. அதிலும் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு தமிழ்க் குடும்பம், அதே மாகாண வெறி. ஆனந்த் வழக்குத் தொடுத்தார், தோற்றார். கருவுக்கும் கதைப்பொருளுக்கும் எவரும் உரிமை கொண்டாட இயலாது; அவற்றுக்கு ஆசிரியர் கொடுத்த வடிவத்திற்கும் அமைப்பிற்குமே பதிப்புரிமை உண்டு; இப்படம் வடிவத்தில் வேறுபடுகிறது, வேறு பொருள்களையும் பேசுகிறது என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

நாடகம் முழுவதையும் எழுதி, மேடையேற்றியும் காட்டியவருக்கே இந்நிலை என்றால், ஓர் அறையில் அமர்ந்து வாயால் மட்டும் கதை சொல்லிவிட்டு எழுந்து வருகிறவனின் கையில் என்ன மிஞ்சும்? எழுத்து எவ்வளவு விரிவாக இருக்கிறதோ அவ்வளவே அவனுக்குச் சொந்தம். காட்சி காட்சியாக எழுதியவனுக்குக் காட்சிகள் சொந்தம். கரு மட்டும் வைத்திருப்பவனுக்கு ஒன்றும் சொந்தமில்லை.

கதை வேறு, திரைக்கதை வேறு

“மகனின் படிப்புக்காக ஏழைப் பெற்றோர் நகையை விற்கிறார்கள், மகன் அதனைப் பின்னர் உணர்கிறான்” என்பது கதை. இதனைச் சொல்ல அரை நிமிடம் போதும். திரைக்கதை எழுதுகிறவன் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ‘தாய் வருந்தினாள்’ என்று எழுதினால் அதனைப் படமெடுக்க இயலாது. படக்கருவி கண்ணால் காண்பதையும் ஒலிக்கருவி காதால் கேட்பதையும் மட்டுமே பதியும். பெருநாள் காலையில் அண்டை வீட்டார் வரும் ஓசை கேட்டதும், அத்தாய் முக்காட்டைக் காதின்மேல் இழுத்து விட்டுக்கொள்கிறாள். காதணி போனதை எவரும் சொல்ல வேண்டியதில்லை. பல காட்சிகள் கழிந்து, மகனின் திருமணப் பந்தலில் அவள் அதே கையசைவைச் செய்கிறாள். அப்போதுதான் மகன் அவள் காதைப் பார்க்கிறான். இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையே எத்தனை காட்சி இருக்க வேண்டும், எங்கே பேச்சு வேண்டும், எங்கே மௌனம் வேண்டும் என்று தீர்மானிப்பதே அவன் தொழில்.

ஒவ்வொரு காட்சிக்கும் எண்ணிட்டு, இடம் எது, உள்ளா வெளியா, பகலா இரவா என்று குறித்து, நிகழ்வதையும் பேசுவதையும் எழுத வேண்டும். அச்சிட்ட ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது அத்தொழிலில் வழங்கும் கணக்கு. இரண்டு மணி நேரப் படத்திற்கு 120 பக்கங்கள். ஒரு காட்சியை எடுத்துவிட்டாலும் கதை நடக்கும் என்றால் அக்காட்சி வேண்டாதது. இவ்வாறு எழுதியும் அடித்தும் திருத்தியும் முடிக்க மாதங்கள் ஆகும். இதனை உழைப்பு அன்று என்பவர், பத்துப் பக்கம் எழுதிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

வாய்ச்சொல்லின் கேடு

தமிழ்த் திரையுலகில் எழுத்தைப் படித்து முடிவு செய்யும் வழக்கம் குறைவு. நடிகரோ தயாரிப்பாளரோ அமர்ந்திருக்க, எழுதியவன் இரண்டு மணி நேரம் நடித்தும் பாடியும் கதை சொல்ல வேண்டும். நாவன்மை உள்ளவன் வெல்கிறான். நன்றாக எழுதக் கூடியவனுக்கு நா குழறினால் அவன் தோற்கிறான்.

இதனினும் கொடியது ‘டிஸ்கஷன்’ எனப்படும் கதை விவாத அறை. ஐந்தாறு இளைஞர்கள் மாதக்கணக்கில் ஓர் அறையில் கூடுகிறார்கள். சாப்பாடும் தேநீரும் உண்டு. சில இடங்களில் அன்றாடம் சிறிது படியும் உண்டு. ஒருவன் ஒரு காட்சியைச் சொல்கிறான். மற்றவன் அதற்கு முடிவு சொல்கிறான். படம் வெளியாகும்போது, கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் ஆகிய நான்கும் ஒரே பெயரின் கீழ் வருவதுண்டு. நம்மிடம் பாடம் கேட்ட மாணவர் ஒருவர் இவ்வாறு மூன்றாண்டுகளைக் கழித்தார். தாம் சொன்ன இரண்டு காட்சிகளைத் திரையில் கண்டார். தம் பெயரை நன்றி கூறும் பட்டியலிலும் காணவில்லை. சென்று கேட்டபோது, “நீ சொன்னாய் என்பதற்கு எழுத்து எங்கே?” என்றார்கள். அவரிடம் ஒரு தாளும் இல்லை.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஒரு செய்தியை எடுத்துச் சொன்னால், இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்று ஸனதைச் சொல்லியாக வேண்டும் என்பது நம் கல்வி மரபு. ஒரே ஒரு சொல்லுக்கும் அறிவித்தவரின் பெயர் உண்டு. பிறர் சொன்னதைத் தன் சொல்லாக ஆக்கிக்கொள்வது அறிவுத் துறையில் எவ்வளவு இழிவோ, அவ்வளவு இழிவே கலைத் துறையிலும்.

எழுத முனைவோரிடமும் குறை உண்டு, அதனையும் மறைக்கலாகாது. ஒரே கதையைப் பத்தாண்டு சுமந்து திரிவார்கள்; இரண்டாவதை எழுத மாட்டார்கள். சென்ற மாதம் ஓடிய படத்தைப் பார்த்து அதன் நிழலைத் தீட்டுவார்கள். நாவலும் சிறுகதையும் படிக்க மாட்டார்கள். கதாநாயகன் தோன்றும் முதற்காட்சியை மட்டும் பத்து விதமாகச் சொல்வார்கள். முடிவு என்ன என்று கேட்டால், “அதைப் பேசி முடிவு செய்துகொள்ளலாம்” என்பார்கள். முடிவை எழுதாதவன் கதையை எழுதவில்லை. அவனே தன் கதையைப் பிறர் கையில் கொடுக்கிறான்.

பெயர் பெற்ற காலமும் உண்டு

எழுதுகிறவனுக்குத் தமிழ்த் திரையில் என்றுமே இடமில்லை என்று சொல்வது வரலாறு அறியாத பேச்சு. 1942-இல் வந்த ‘கண்ணகி’க்கு இளங்கோவன் எழுதிய உரையாடல் பெரும் புகழ் பெற்றது. 1949-இல் அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’யும், 1952-இல் கலைஞர் மு. கருணாநிதியின் ‘பராசக்தி’யும் எழுதியவர் பெயருக்காகவே மக்களை ஈர்த்தன. ‘பராசக்தி’ வசனத்தை மனப்பாடம் செய்யாத இளைஞர் அக்காலத்தில் அரியர். 1958-இல் வெளிவந்த ‘நாடோடி மன்ன’னில் கவிஞர் கண்ணதாசனோடு சேர்ந்து வசனம் எழுதிய ரவீந்தர், நம் நாகூர்க்காரர். அப்படத்தின் வசனத்தை ரசித்தவர்களில் எத்தனை பேர் அதனை அறிவர்?

இந்தித் திரையிலும் எழுதுகிறவர் பெயர் எளிதில் கிடைக்கவில்லை. 1973-இல் ‘ஜஞ்சீர்’ படம் வந்தபோது, அதனை எழுதிய சலீம் கானும் ஜாவேத் அக்தரும் சுவரொட்டிகளில் தம் பெயரைக் காணவில்லை. ஆளை அமர்த்திப் பம்பாய் நகரத்துச் சுவரொட்டிகளின்மேல் தங்கள் பெயரை எழுதச் செய்தார்கள். அதன் பின்னர் ‘தீவார்’, ‘ஷோலே’ எனத் தொடர்ந்த வெற்றிகளால் அவர்கள் பெயரே படத்திற்கு விளம்பரம் ஆயிற்று. ‘சிரித்து வாழ வேண்டும்’, ‘பில்லா’, ‘தீ’ ஆகிய தமிழ்ப் படங்கள் இவ்விருவர் எழுதிய கதைகளின் மறு வடிவங்களே. பெயரைக் கேட்டுப் பெறுவது ஆணவம் என்று நம் பிள்ளைகளுக்கு யாரேனும் சொன்னால், இதனை எடுத்துக் காட்டுங்கள்.

பொருள் தந்தவரும் நூல் செய்தவரும்

“படம் பலர் கூடிச் செய்வது, பணம் போட்டு நட்டத்தை ஏற்பவர் தயாரிப்பாளர், எழுதியவன் கூலி வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே?” என்பது எதிர்வாதம். இதில் பாதி நியாயம் உண்டு. பணத்தைப் போட்டவருக்கு வருவாயில் உரிமை உண்டு, மறுப்பவர் இல்லை. ஆனால் பெயரில் அவருக்கு உரிமை வந்தது எவ்வாறு? சீறாப்புராணத்திற்குப் பொருளுதவி செய்த அபுல் காசிம் மரைக்காயரை உமறுப் புலவர் நூலுள்ளே வாழ்த்திப் பாடியிருக்கிறார். வள்ளலின் புகழ் இன்றளவும் நிற்கிறது. ஆயினும் அந்நூலை மரைக்காயர் பாடினார் என்று எவரும் சொன்னதில்லை. அவரும் அவ்வாறு விரும்பியவர் அல்லர். நம் முன்னோர் அறிந்திருந்த இந்த நாகரிகம் இன்றைய அலுவலகங்களுக்குத் தெரியாமற் போனதேன்?

சட்டமும் இதனையே சொல்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையை விற்ற பின்னரும், இதனை எழுதியவன் நான் என்று கூறும் உரிமை எழுதியவனை விட்டு நீங்குவதில்லை. கையொப்பமிட்ட எழுத்து இல்லாமல் பதிப்புரிமையை மாற்றிக் கொடுத்தல் செல்லாது. காலம் குறிக்கப்படாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்கே செல்லும்; எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், படத்திற்கு எழுதியவர், திரையரங்கில் காட்டுவது நீங்கலாகப் பிற வழிகளில் வரும் உரிமைத்தொகையில் தம் பங்கை விட்டுக்கொடுக்க இயலாதவாறு செய்தது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்திற்கோதான் அதனைக் கொடுக்கலாம். இவற்றை அறிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இளைஞர் எத்தனை பேர்?

எழுத்து துணை நிற்கும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2018-இல் ‘சர்கார்’ படம் வெளியாகும் முன்னர், அதன் கதை தாம் 2007-இல் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்ததை ஒத்திருக்கிறது என்று உதவி இயக்குநர் ஒருவர் முறையிட்டார். சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் இரண்டையும் ஒப்பிட்டு, கருவில் ஒற்றுமை இருப்பதாக அறிவித்தார். இயக்குநர் தம் கதை தனியானதே என்றார். வழக்கு உயர் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்து, முறையிட்டவருக்கு அங்கீகாரம் கிடைத்தது. பதினோர் ஆண்டுக்கு முன் பதிந்த தாள்கள் இல்லையேல் அவர் குரல் எவர் காதிலும் விழுந்திராது. அச்சேறிய நூலுக்கு இன்னும் வலிமை அதிகம். பூமணியின் ‘வெக்கை’ ‘அசுரன்’ ஆனபோதும், மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ ‘விசாரணை’ ஆனபோதும், மூலம் எவருடையது என்னும் ஐயமே எழவில்லை.

செய்ய வேண்டியவை

எழுத முனையும் தம்பி தங்கையர்க்கு நாம் கூறுவது இது. முழுவதும் எழுதுங்கள், முடிவு வரை எழுதுங்கள். சொல்வதற்கு முன் பதிவு செய்யுங்கள். எவரிடம், எந்நாளில், எதைச் சொன்னீர்கள் என்று குறித்து வையுங்கள். விவாத அறையில் சொன்ன காட்சியை அன்றிரவே எழுதித் தேதியிட்டு, அழைத்தவருக்கு அனுப்பிவிடுங்கள். சிறுகதையாகவோ நாவலாகவோ அச்சேற்ற இயலுமானால் முதலில் அதனைச் செய்யுங்கள். தனியே நின்று பேரம் பேசாமல் சங்கத்தில் சேருங்கள். அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தார் 2023-இல் 148 நாள்கள் பேனாவைக் கீழே வைத்து ஊதியத்திற்கும், எழுதும் இயந்திரங்களுக்கு எதிரான பாதுகாப்பிற்கும் போராடினார்கள். சங்கம் இருந்தமையால் அது இயன்றது. வயிற்றுக்கு ஒரு வேலையை வைத்துக்கொண்டே எழுதுங்கள். பசித்தவன் எந்தத் தாளிலும் கையெழுத்திடுவான்.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம் என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் அறியாததன்று. நண்பரிடம் எழுத்துக் கேட்பது அவநம்பிக்கை என்று அவர்கள் கூச வேண்டியதில்லை. நட்பு கெடாமல் இருப்பதற்கே அந்த எழுத்து.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். “வாய்ப்புக் கிடைத்ததா?” என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் கேட்டுப் பிள்ளையைக் குத்தாதீர்கள். வாய்ப்பு அவன் கையில் இல்லை. “எத்தனை பக்கம் எழுதினாய்?” என்று கேளுங்கள். பக்கமே இல்லை என்றால், ஊருக்கு வந்து வேறு தொழில் பார் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பக்கம் இருந்தால், அதனை வாங்கிப் படித்துப் பாருங்கள். அப்பக்கங்களுக்கு விலை கேட்கும் துணிவு, தன் வீட்டில் மதிப்புப் பெற்ற பிள்ளைக்கே வரும்.