கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? மூளைக்கே பணத்தைக் கொட்டாதீர்கள்!

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்ற காலம் வந்துவிட்டது. பையன் கல்லூரியில் சேர்ந்தால் கம்ப்யூட்டர். பெண் கணக்கு எழுதும் வேலைக்குப் படித்தால் கம்ப்யூட்டர். அப்பாவின் கடைக்கு ரசீது போடவும் கம்ப்யூட்டர்!

இதற்காகச் சிலர் சீட்டுப் பணத்தை எடுக்கிறார்கள். சிலர் நகையை அடகு வைக்கிறார்கள். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள். அங்கே ஒவ்வொரு பாகமாக வாங்கி, பூட்டி, வீட்டுக்கு எடுத்து வரலாம்.

கடையில் எழும் முதல் கேள்வி என்ன?

"ஐ5 போடலாமா, ஐ7 போடலாமா?"

இந்தக் கேள்வியில்தான் பலருடைய பணம் கரைகிறது. முதலில் கேட்க வேண்டியது அது அல்ல. "என்ன வேலைக்கு?" என்பதுதான் முதல் கேள்வி!

மூளை எது?

மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டியை நம்மவர்கள் "சி.பி.யு." என்கிறார்கள். உண்மையில் அந்தப் பெயர் பெட்டிக்கு உரியது அல்ல. பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு சில்லுக்கு உரியது. அதுதான் பிராசசர். உள்ளங்கையில் அடங்கிவிடும். கம்ப்யூட்டரின் மூளை அதுவே.

1971-ல் இன்டெல் கம்பெனி வெளியிட்ட 4004 என்ற சில்லில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று வீட்டுக் கம்ப்யூட்டரின் சில்லில் பல நூறு கோடி இருக்கின்றன!

மூளை முக்கியம்தான். ஆனால், மூளை மட்டும் இருந்தால் போதுமா?

கல்யாணச் சமையலைப் பாருங்கள்

ஒரு கல்யாணத்துக்குப் பேர்பெற்ற சமையல்காரரை அமர்த்துகிறார்கள். கை வேகத்தில் அவருக்கு இணை இல்லை. ஆனால், காய் நறுக்கும் மேடையோ ஒரு முழ அகலம். உக்கிராண அறையோ அடுத்த தெருவில்! என்ன ஆகும்? மேடையில் இடம் இல்லாமலும், சாமான் வந்து சேராமலும் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பந்தி தாமதமாகும்.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். பிராசசர் சமையல்காரர். "ராம்" என்னும் நினைவகம் மேடை. பைல்களைச் சேர்த்து வைக்கும் டிஸ்க் உக்கிராண அறை.

பழைய ஹார்டு டிஸ்கில் ஒரு தட்டு சுழல்கிறது. அதில் ஒரு முள் தேடித் தேடிப் படிக்கிறது. ஒரு விநாடியில் 100 முதல் 200 எம்.பி. வரை படித்தாலே பெரிது. "எஸ்.எஸ்.டி." என்பதில் சுழலும் பாகமே இல்லை. அதில் சாதாரண வகையே விநாடிக்கு 500 எம்.பி.யைத் தாண்டும். "என்.வி.எம்.இ." என்ற வகை 3,000-ஐயும் தாண்டும்.

ஆகவே ஐ7-உடன் ஹார்டு டிஸ்க் வாங்கிய வீட்டைவிட, ஐ3-உடன் எஸ்.எஸ்.டி. வாங்கிய வீட்டில் கம்ப்யூட்டர் சுருக்கத் திறக்கும். செலவும் குறைவு!

நினைவகம் 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி. 2025-ன் கடைசியில் உலகெங்கும் நினைவகத்தின் விலை ஏறியது. செயற்கை அறிவுக் கூடங்கள் அதை அள்ளிக்கொண்டு போனதே காரணம். கை கடித்தால், இப்போது 8 ஜி.பி. போட்டு, இன்னொரு துண்டு போட இடம் உள்ள மதர்போர்டாக வாங்கலாம். பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் கவனம். டி.டி.ஆர்.4 நினைவகம் டி.டி.ஆர்.5 போர்டில் பொருந்தாது. அதுபோலவே, இன்டெல் பிராசசருக்கு உரிய போர்டில் ஏ.எம்.டி. பிராசசர் உட்காராது. எதற்கு எது ஜோடி என்று கேட்டு வாங்க வேண்டும்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

"ஐ7 பெரியது, ஐ3 சிறியது" என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ஆண்டில் வந்தவற்றை ஒப்பிட்டால் அது சரி. ஆண்டு மாறினால் கதையே மாறிவிடும்.

2011-ல் வந்தது ஐ7-2600. 2022-ல் வந்தது ஐ3-12100. இரண்டிலும் நான்கு கோர்கள்தான். ஆனால், தம்பியான ஐ3-தான் வேகத்தில் ஜெயிக்கிறது! பழைய சாமான் சந்தையில் "ஐ7, மலிவு விலை" என்று விற்கப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கிழட்டு ஐ7-தான்.

கண்டுபிடிப்பது எப்படி? கடைசி மூன்று எண்களைக் கையால் மறையுங்கள். மீதி இருப்பது தலைமுறை. 2600 என்றால் 2-ஆம் தலைமுறை. 12100 என்றால் 12-ஆம் தலைமுறை. (2024-ல் மேஜைக் கம்ப்யூட்டருக்கு வந்த "அல்ட்ரா" வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

இது வெறும் வேகத்தைப் பற்றிய பேச்சு அல்ல. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் சில்லு பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை முதல் இருக்க வேண்டும். கிழட்டு ஐ7-ஐ வாங்கியவர் என்ன செய்வார்?

ஓர் எழுத்து செய்யும் வேலை!

ஐ5-12400 என்று ஒன்று உண்டு. ஐ5-12400எஃப் என்றும் ஒன்று உண்டு. எஃப் போட்டது விலை குறைவு. ஆசைப்பட்டு வாங்கி வந்து மாட்டினால், திரை இருட்டாகவே இருக்கும்!

எஃப் என்றால், படம் காட்டும் பகுதி அந்தச் சில்லில் இல்லை என்று அர்த்தம். தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு கையை விட்டுப் போகும். ஏ.எம்.டி.யிலும் ரைசன் 5600-க்கு அந்தப் பகுதி இல்லை, 5600ஜி-க்கு உண்டு.

"பெரிதாக வாங்கினால் நாளைக்கு உதவுமே!"

பெரியவர்கள் சொல்லும் வாதம் இது. "வாங்குவது ஒரு தடவை. பெரிதாக வாங்கிப் போட்டால் பத்து வருஷம் ஓடும்" என்கிறார்கள். பட்டுப் புடவைக்கு அது சரி. கம்ப்யூட்டருக்குச் சரி அல்ல.

2023-ல் வந்த ஐ9-14900கே முழு வேகத்தில் ஓடும்போது 253 வாட் மின்சாரம் இழுக்கும். பழைய மின்விசிறிகள் மூன்று சுழலும் மின்சாரம் அது! அந்தச் சூட்டைத் தணிக்கத் தனிச் செலவு. போர்டுக்கும் கூடுதல் செலவு. கடிதம் எழுதவும் பாடம் பார்க்கவும் இவ்வளவு எதற்கு? ஈயை அடிக்க உலக்கையா?

நாளைக்கு உதவ வேண்டும் என்றால், நாளைக்கு இடம் விட்டு வாங்குவதே புத்தி. 2017-ல் ரைசனுக்காக வாங்கிய பல போர்டுகளில், மென்பொருளைப் புதுப்பித்தபின் 2020-ல் வந்த சில்லையும் பொருத்த முடிந்தது. போர்டு அதே, மூளை புதிது!

பெரிய பிராசசர் யாருக்குமே வேண்டாமா? வேண்டும். வீடியோ வெட்டி ஒட்டுபவர்கள், கட்டட வரைபடம் போடுபவர்கள், அதில் சம்பாதிப்பவர்கள் வாங்கட்டும். அவர்களுக்கு நேரம்தான் பணம். மற்றவர்கள் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிராசசருக்குக் கொடுக்கவே கூடாது.

மலிவு பார்க்கக் கூடாத இடம்

பிராசசருக்குக் கடன் வாங்கும் குடும்பம், மிச்சம் பிடிப்பது எதில் தெரியுமா? எஸ்.எம்.பி.எஸ்.ஸில்! வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் குறைத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் அளந்து கொடுப்பது அதுதான். கேபினட்டோடு சும்மா கிடைக்கும் மட்டரகப் பெட்டி ஒரு நாள் புகைந்தால், தான் மட்டும் போகாது. போர்டையும் டிஸ்கையும் கூட இழுத்துக்கொண்டு போகலாம்!

"80 பிளஸ்" முத்திரையும், நல்ல கம்பெனிப் பெயரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவர் பிளக்கில் எர்த் இணைப்பு அவசியம். மின்வெட்டு உள்ள ஊரில் யு.பி.எஸ்.ஸும் அவசியம். பரீட்சைக்கு எழுதிய கட்டுரை பாதியில் அணைந்தால், பிள்ளையின் கண்ணீருக்கு எந்த ஐ9 பதில் சொல்லும்?

பில் இல்லாமல் நகராதீர்கள்!

"பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்று எவராவது சொன்னால், அந்தக் கடைப் படியை விட்டு இறங்கிவிட வேண்டும். டப்பாவில் சீலோடு வரும் பிராசசருக்கு மூன்று வருஷ உத்தரவாதம் உண்டு. பில் இல்லாதவர் அதை எப்படிக் கேட்பார்? ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரும், எண்ணும், கடைசி எழுத்தும் பில்லில் இருக்கட்டும்.

கடைக்குப் போகும்முன் வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். ஒரு தாளில், யார் யார் என்ன வேலைக்குக் கம்ப்யூட்டரைத் தொடப் போகிறார்கள் என்று எழுதுங்கள். அதற்குக் கீழே, கையில் உள்ள தொகையை எழுதுங்கள். அந்தத் தாளைக் கடைக்காரரிடம் நீட்டுங்கள்.

"ஐ7 போடலாமா?" என்று அவர் கேட்டால், "இந்த வேலைக்கு எது போதும்?" என்று நீங்கள் கேளுங்கள்.

அடகுக் கடைக்குப் போன நகை சீக்கிரம் வீட்டுக்குத் திரும்ப, அந்த ஒரு கேள்வி உதவும்!