தொடாத கருவியும் திறந்த சர்க்யூட்டும்

மேடையில் ஒருவர் நிற்கிறார். முன்னால் ஒரு சின்னப் பெட்டி. அதன் வலப்பக்கம் நேராக நிமிர்ந்த ஒரு கம்பி, இடப்பக்கம் படுக்கைவாக்கில் வளைந்த ஒரு கம்பி. அவர் எதையும் தொடவில்லை. காற்றில் கைகள் மட்டும் அசைகின்றன. பாட்டு வருகிறது! வலது கை நிமிர்ந்த கம்பியை நெருங்கினால் சுருதி ஏறுகிறது. இடது கை வளைந்த கம்பியை நெருங்கினால் ஒலி அடங்குகிறது.

மந்திரமா? இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் இருக்கும் மின்தேக்கிதான்.

கருவியின் பெயர் தெரமின். 1920-ல் பெட்ரோகிராடில், அப்ராம் யோஃபேயின் ஆய்வகத்தில் வேலை பார்த்த லெவ் தெர்மென் என்ற இளைஞர் வாயுக்களின் மின்பண்பை அளக்க ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். கையை அருகில் கொண்டுபோனால் காதுக்கருவியில் கேட்ட ஒலி மாறியது. வேறொருவராக இருந்தால், 'அளவு தப்பாக வருகிறதே' என்று அலுத்துக்கொண்டு தகரத்தால் மூடியிருப்பார். தெர்மென் சிறுவயதில் செல்லோ படித்தவர். அந்தத் தப்பை வைத்தே பாட்டு வாசித்துவிட்டார்!

சரி, நூறு வருடத்துக்கு மேலான கதை இப்போது எதற்கு? காரணம் இருக்கிறது. இன்று இந்தக் கருவியின் சர்க்யூட் படம், பலகை வரைபடம், நிரல் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சுவிட்சர்லாந்தின் உர்ஸ் கௌடென்ஸ் தமது கௌடிலேப்ஸ் வழியாக வெளியிட்ட 'ஓப்பன் தெரமின்' அவற்றில் நன்கு அறியப்பட்டது. மூன்றாம் பதிப்பு வரை ஆர்டுயினோ ஊனோ பலகையின் தலையில் செருகும் ஒரு மேல்பலகை. நான்காம் பதிப்பில் கட்டுப்படுத்தும் சில்லும் அதே பலகைக்குள் வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்யலாம், மாற்றலாம், மேம்படுத்தலாம்.

அங்கேதான் கேள்வி. மேம்படுத்துவது என்றால் என்ன?

ஒரு பிகோஃபாரடின் மூன்றில் ஒரு பங்கு

முதலில் கருவியின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இரண்டு அலையியற்றிகள். இரண்டும் காதுக்கு எட்டாத, சில லட்சம் ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓடுகின்றன. ஒன்றின் அதிர்வெண் நிலையானது. மற்றொன்று கம்பியோடு இணைந்தது. கை நெருங்க நெருங்க, கைக்கும் கம்பிக்கும் இடையிலான மின்தேக்குதிறன் கூடி, அதன் அதிர்வெண் குறைகிறது. இரண்டையும் கலந்தால் வித்தியாசம் மட்டும் காதுக்குக் கேட்கும். ஒன்று 3,00,000 ஹெர்ட்ஸ், மற்றது 2,99,560 ஹெர்ட்ஸ் என்றால் கேட்பது 440 ஹெர்ட்ஸ்.

ஒரு சின்னக் கணக்கு. 440 என்பது 3 லட்சத்தில் சுமார் 0.15 சதவீதம். அதிர்வெண் மின்தேக்குதிறனின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது என்பதால், மின்தேக்குதிறனில் வேண்டியது அதைப்போல இரண்டு மடங்கு மாற்றம், அதாவது 0.3 சதவீதம். சுற்றில் மொத்தம் 100 பிகோஃபாரட் இருந்தால், வெறும் 0.3 பிகோஃபாரட்! அவ்வளவு நுண்ணிய மாற்றத்தில்தான் கேட்கவே கேட்காத ஒலி முதல் 440 ஹெர்ட்ஸ் வரை முழுதும் அடங்கிவிடுகிறது.

இதன் பொருள் என்ன? கையால் 0.3 பிகோஃபாரட் மாறும் என்றால், வேறு எதனாலும் மாறும். பக்கத்தில் ஒருவர் வந்து நின்றால் மாறும். அறை சூடானால் சுற்றின் பாகங்கள் சற்றே விலகி, சுருதியும் விலகும். வாசிப்பவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தால் எல்லாச் சுரமும் இடம் மாறும். வயலினுக்கு விரல்பலகையாவது உண்டு, கை அதன் நீளத்தைப் பழகிக்கொள்ளும். தெரமினுக்கு விரல்பலகையே அந்த அறையின் காற்றுதான்.

எளிதாக்குவதா, நேராக்குவதா?

மேம்படுத்த வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைக்கும் இடம் சுருதித் திருத்தம். கை எங்கே இருந்தாலும், அருகில் உள்ள சரியான சுரத்துக்கு நிரல் இழுத்துக்கொள்ளும். 2014-ல் மூக் நிறுவனம் கொண்டுவந்த தெரமினியில் இதற்கென்றே ஒரு குமிழ் இருந்தது. முழுதாகத் திருப்பினால் தப்புச் சுரமே வராது. முழுதாகக் குறைத்தால் திருத்தமே இருக்காது.

முதல் நாளே ஒரு மெட்டு வந்துவிட்டால் புதிதாகப் பழகுபவருக்கு உற்சாகம்தான். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வசதியைக் கருவியின் முன்னேற்றம் என்று எண்ணுவது தவறு. தெரமினின் உயிரே சுரங்களுக்கு இடைப்பட்ட இடத்தில் இருக்கிறது. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கமகம் என்பது நிற்கும் புள்ளியில் இல்லை, போய்வரும் வழியில் இருக்கிறது. மெட்டே இல்லாத சித்திரவீணையில் கட்டை வழுக்கிச் செல்லும்போது கேட்பது அதுதான். பன்னிரண்டு படிகளாக நறுக்கிய தெரமினில் தோடி வாசிக்க முடியுமா? அதற்கு ஆர்மோனியமே போதுமே!

'எளிது' என்ற ஆசை புதிதும் இல்லை. 1928-ல் தெர்மெனுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1929-ல் ஆர்.சி.ஏ நிறுவனம் இக்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வாயால் மெட்டை முணுமுணுக்கத் தெரிந்தவர் யாரும் வாசிக்கலாம் என்ற தோரணையில் விளம்பரம். விலை 175 டாலர், வால்வுகளும் ஒலிபெருக்கியும் தனி. சுமார் 500 கருவிகளோடு கதை முடிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது ஒரு காரணம். வாங்கியவர்களுக்கு வாசிக்க வரவில்லை என்பது இன்னொரு காரணம். எளிது என்று சொல்லி விற்ற பொருள் எளிதாக இல்லாவிட்டால், மனிதன் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வான். 'நமக்கு இசை வராது போலிருக்கிறது' என்று பரணில் ஏற்றிவிடுவான்.

அதே காலத்தில் இன்னொரு வழியும் நடந்தது. வில்னியூஸில் பிறந்த கிளாரா ராக்மோர் சிறுவயதிலேயே பெயரெடுத்த வயலின் கலைஞர். கைக் கோளாறினால் வயலினை விட வேண்டியதாயிற்று. தெரமினுக்கு வந்தார். வந்தவர், 'எளிதாக்கிக் கொடுங்கள்' என்று கேட்கவில்லை. மூன்று ஸ்தாயி போதாது, ஐந்து வேண்டும் என்றார். இடது கையின் அசைவுக்கு ஒலி உடனே அடங்கி உடனே எழ வேண்டும், அப்போதுதான் சுரங்களைத் தனித்தனியாக வெட்டி வாசிக்க முடியும் என்றார். தெர்மென் அப்படியே ஒரு கருவி செய்து தந்தார். ராக்மோர் தம் பங்குக்கு, காற்றிலேயே விரல்களை மடக்கி விரிக்கும் ஒரு முறையை உருவாக்கினார். இன்றும் தெரமின் வாசிப்பில் அளவுகோலாக நிற்பது அவர் வாசிப்புதான்.

விளம்பரம் எழுதியவர் கருவியை எப்படி விற்பது என்று யோசித்தார். ராக்மோர் அதில் எது தடுக்கிறது என்று சொன்னார். கருவி உண்மையில் முன்னேறியது ராக்மோர் சொன்ன இடத்தில்.

திறந்து வைத்தால் மட்டும் போதுமா?

தெரமின் பிழைத்ததற்கே திறந்த சர்க்யூட்தான் காரணம் என்று சொல்லலாம். தெர்மென் 1938-ல் சோவியத் நாட்டுக்குத் திரும்பினார், கைதானார், பல வருடம் சிறைக்குள் இருந்த ஆய்வகத்தில் வேலை செய்தார். மேற்குலகில் அவர் உயிரோடு இருப்பதே பலருக்குத் தெரியாது. கருவியை உயிரோடு வைத்தது பத்திரிகைகளில் வந்த சர்க்யூட் படங்கள். ராபர்ட் மூக் பள்ளிப் பருவத்தில் அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் முதல் தெரமினைச் செய்தார். 1954-ல் தாமே ஒரு வடிவமைப்பைப் பத்திரிகையில் வெளியிட்டார். 1961-ல் டிரான்சிஸ்டர் தெரமின். 1996-ல் மறுபடி ஒன்று. நடுவில் அவர் பெயரைத் தாங்கிய சிந்தசைசர் உலகையே மாற்றியது. அதற்கும் விதை, பையன்கள் பார்த்துச் செய்யும்படி அச்சான ஒரு படம்தான்.

ஆகவே திறந்து வைப்பது நல்லது. அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் திறமூலத் திட்டங்களுக்கென்றே ஒரு நோய் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற வேலையைச் செய்யப் பத்துப் பேர் வருவார்கள், தெரியாத வேலைக்கு ஒருவர் வரமாட்டார். புது ஒலிவடிவம் சேர்க்க ஆளுண்டு. வண்ண விளக்கு சேர்க்க ஆளுண்டு. தெரமினில் சலிப்பான வேலைகள் வேறு.

ஒன்று, நிலத்தொடர்பு. தெரமினில் வாசிப்பவரின் உடம்பும் சுற்றில் ஒரு பாகம். பெட்டிக்கு நல்ல நிலத்தொடர்பு இல்லாவிட்டால், கை அசைவுக்குக் கருவி சரியாகக் காது கொடுக்காது. பேட்டரியிலோ, நிலக்கம்பி இல்லாத செல்போன் சார்ஜரிலோ ஓட்டிவிட்டு, 'சர்க்யூட் சரியில்லை' என்று முடிவுகட்டுவது சுலபம். இதைச் செய்முறைக் குறிப்பின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுவது, இருபது புது ஒலிவடிவங்களைவிடப் பெரிய மேம்பாடு.

இரண்டு, சுரங்களின் இடைவெளி. கம்பிக்கு அருகே சுரங்கள் நெருக்கியடித்துக்கொள்ளும், தள்ளிப்போனால் பரந்துவிடும். ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஏறத்தாழ ஒரே தூரம் வரும்படி செய்வதுதான் வடிவமைப்பாளரின் உண்மையான சோதனை. அனலாக் கருவிகளில் கம்பியோடு தொடராக ஒரு பெரிய சுருளைச் சேர்த்து இதைச் சமாளிப்பார்கள். நுண்கட்டுப்படுத்தி உள்ள கருவியில் நிரலாலேயே வளைவை நிமிர்த்தலாம். அதற்கு ஒருவர் அளவுநாடாவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் அதிர்வெண்ணைக் குறித்து, அட்டவணையை வெளியிட வேண்டும்.

மூன்று, தாமதம். டிஜிட்டல் தெரமினில் சில்லு அலையின் கால அளவை எண்ணி, அதற்கேற்ற ஒலியை நினைவகத்திலுள்ள அலைவடிவிலிருந்து எடுத்துத் தருகிறது. ஒரு அலை முடிந்தால்தான் அதன் அளவு தெரியும். எண்ணில் வரும் நடுக்கத்தைக் குறைக்கச் சராசரி எடுத்தால், அதற்கும் நேரம் போகும். நடுக்கத்தைக் குறைத்தால் தாமதம், தாமதத்தைக் குறைத்தால் நடுக்கம். எது எவ்வளவு இருக்கலாம் என்பதை அலைவரைவி சொல்லாது. வாசிப்பவரின் காது சொல்லும்.

யார் சொல்வதைக் கேட்பது?

இதில் அடங்கியிருக்கும் விஷயம் இதுதான். சர்க்யூட் தெரிந்தவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவருக்குச் சர்க்யூட் தெரியாது. தெர்மென் ஒருவரிடம் இரண்டும் இருந்தன, அவருக்கும் ராக்மோர் தேவைப்பட்டார். அப்படியிருக்க, வாசிக்கும் ஒருவர் 'மேலே போனால் கை இடிக்கிற மாதிரி இருக்கு' என்று சொன்னால், 'இதென்ன தெளிவில்லாத பிழையறிக்கை' என்று ஒதுக்கிவிடுகிறோம். அது தெளிவான பிழையறிக்கை! சுரங்கள் கம்பிக்கு அருகே நெருங்குகின்றன என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆகவே திறந்த தெரமின் செய்யக் கிளம்பும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. குழுவில் நிரல் எழுதுபவர் ஒருவர், பலகை வரைபவர் ஒருவர் என்று பிரிக்கும்போது, வயலினோ பாட்டோ படித்த ஒருவரையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் கல்லூரி விழாவில் வாசிக்க மட்டும் அவரைக் கூப்பிடுவதில் பயனில்லை. வாரம் ஒரு மணி நேரம் அவர் வாசிக்கட்டும், எங்கே முகம் சுளிக்கிறார் என்று மற்றவர்கள் குறிக்கட்டும். சுருதித் திருத்தம் இருக்கட்டும், ஆனால் அணைத்த நிலையில் இருக்கட்டும். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும்.

திறமூலம் என்றால் உள்ளே பார்க்கலாம் என்று மட்டும் பொருள் இல்லை, உள்ளே வந்து பேசலாம் என்றும் பொருள். நிரல் எழுதுபவர்களுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு, பாடுபவரை வாசலிலேயே நிறுத்தினால் அது பாதி திறந்த கதவு. காசு சேர்த்து உதிரிபாகம் வாங்கி, இரண்டு வாரம் பற்றவைத்து, கடைசியில் ஓநாய் ஊளையிடுவதுபோல ஒரு சத்தத்தைக் கேட்டு, 'நமக்குக் கேள்வி ஞானம் இல்லை' என்று ஒரு பையனோ பெண்ணோ பெட்டியை மூடி வைத்தால், குறை அவர்கள் காதில் இருக்க வேண்டும் என்பதில்லை. நிலக்கம்பி பற்றி யாரும் எழுதி வைக்காததாகவும் இருக்கலாம்.